ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

மட்டக்களப்பு நகரில் கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் போன மாதம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான பெண். கணவரின் நினைவு மலரை மறுபடி அச்சிட வேண்டும் என்று பழைய கோப்பைப் பென்டிரைவில் கொண்டு வந்திருந்தார். கோப்பு திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, காற்புள்ளி. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“என்ன மனே, எல்லாம் இங்கிலீசாக் கிடக்கு?”

“எழுத்து மாறிக் கிடக்கு மாமி. பொறுங்க, இப்ப வரும்.”

பெடியன் எல்லாவற்றையும் தெரிவு செய்து எழுத்துரு பெயரில் ‘பாமினி’ என்று மாற்றினான். மனிதர் திரும்பி வந்தார்: பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகளின் பெயர்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடந்த ஐந்து குறிகள் ‘தமிழ்’ ஆகின. ஜே என்றால் த. கே என்றால் ம. பி என்றால் விசிறி. ஓ என்றால் ழ. அரைப்புள்ளி என்றால் குற்று.

கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நினைவகம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று அட்டவணை போடுவார்கள். அந்த அட்டவணையில் எங்களுக்கு வேண்டிய நிரல் ஒன்று எப்போதும் விடுபட்டுப் போகும். அந்தப் பெட்டி எங்கள் எழுத்தை எழுதியதா? வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருந்துகொண்டு பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் கேள்விதான்.

வீட்டுக் கணினியின் கதையை 1975 ஜனவரியில் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவின் ‘பொப்புலர் எலெக்ட்ரொனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டையில் ‘ஆல்டெயர் 8800’ வந்தது. பாகங்களாக வாங்கி நாமே பொருத்த வேண்டும். விலை 397 டொலர், நினைவகம் 256 பைட். அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்முகத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சின்னச் சிவப்பு விளக்குகளும் மட்டும். தமிழ் எழுதுமா என்று அதனிடம் கேட்பது வீண். அது ஆங்கிலத்தையே எழுதவில்லை.

1977இல் மூன்று பெட்டிகள் கடைக்கு வந்தன: அப்பிள் II, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80. அப்பிள் II இன் விலை 1,298 டொலர். டிஆர்எஸ்-80 திரையோடு சேர்த்து 599. அந்த முதல் அப்பிள் II திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் மட்டுமே தெரியும், சிறிய எழுத்து கிடையாது. ஆங்கிலத்தின் 52 வடிவங்களில் பாதியை வெட்டிவிட்ட பெட்டியிடம் நாங்கள் 247ஐக் கொண்டுபோய் நின்றால் என்ன நடந்திருக்கும்?

அதே 1977 ஜூலையில்தான் இலங்கையில் ஆட்சி மாறியது, பின்னர் இறக்குமதிக் கதவும் திறந்தது. ஆனால் அந்தக் கதவால் எங்கள் பக்கம் வந்தது கணினி இல்லை, ரேடியோ கசெற். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து கசெற்றாக அனுப்பத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1978 நவம்பர் 23ஆம் திகதி, சூறாவளி அடித்தது. தென்னந்தோப்புகள் படுத்தன, கூரைகள் பறந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. திருச்செந்தூர்ப் பக்கத்தில் பிறந்த சிவ் நாடார் நண்பர்களோடு தொடங்கிய எச்.சி.எல். நிறுவனம் இந்தியாவில் தன் முதல் சிறு கணினியை வெளியிட்டது அதே ஆண்டில். தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, ணை, லை முதலிய எழுத்துக்களின் வடிவைத் திருத்தி ஆணையிட்டதும் அதே ஆண்டில். அச்சுக்கோப்பவரின் வேலை குறையட்டும் என்று செய்த திருத்தம் பின்னால் கணினிக்காரருக்கும் பயன்பட்டது. இங்கே பழைய துதிக்கை ‘னை’ இன்னும் கொஞ்சக் காலம் நடமாடியது.

நான் முதலில் தொட்ட கணினி ஒரு கசெற் கணினி. லண்டனில் இருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த ‘சின்கிளேயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’. 1982 ஏப்ரலில் பிரித்தானியாவில் வெளிவந்த மாதிரி அது. 16 கிலோபைட் வகை 125 பவுண், 48 வகை 175. அளவில் ஒரு கொப்பி. விசைகள் அழிறப்பர் போல மெத்தென்று இருக்கும். திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். நிரலை ஏற்றுவதற்குக் கசெற் பிளேயர் வேண்டும். கசெற்றைப் போட்டால் காதைக் கிழிக்கிற கீச்சொலி வரும், ஐந்து நிமிடம் வரைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து “பாடும் மீனைப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டிருக்கிறீங்களோ?” என்றார். பகிடிதான், ஆனால் முற்றிலும் பிழையில்லை. கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் கேட்கும் அந்த ஒலியை 1950களில் லாங் அடிகளார் என்ற யேசு சபைத் துறவி நாடாவில்தான் பதிந்தார். ஒலியை நாடாவில் பிடித்து வைக்கலாம் என்பது இந்த ஊருக்குப் பழைய செய்தி. எண்ணையும் எழுத்தையும் ஒலியாக்கி அதே நாடாவில் வைக்கலாம் என்பதுதான் புதிது.

ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரைந்து சேர்க்கக்கூடிய வடிவங்களுக்கு இடம் இருந்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரம் ஒவ்வொன்றும். மொத்தம் 21 சதுரம். சதுர றூள் கொப்பியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்கால விடுமுறை முழுக்க நான் அதில் கிடந்தேன். ‘ட’ சுகம், இரண்டு கோடு. ‘ப’ மூன்று கோடு. ‘ம’வும் ஒருவாறு வந்தது. ‘ண’வில் சிக்கினேன். மூன்று சுழியும் ஒரு காலும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்க மறுத்தன. திரையில் அது நசுங்கிய நத்தை போலத் தெரிந்தது. அடுத்த கணக்கு இன்னும் மோசம். உயிர் 12, மெய் 18. இரண்டையும் கூட்டினாலே 30. இருந்ததோ 21. என் பெயரை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு விளையாட்டுக் கசெற்றைப் போட்டேன்.

ஸ்பெக்ட்ரத்துக்கு எட்டு மாதம் முந்தியது ஐபிஎம். 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி வந்தாறுமூலையில் மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேர் அது. அதற்குப் பதினொரு நாள் கழித்து, 12ஆம் திகதி, நியூயோர்க்கில் ஐபிஎம் தன் 5150 மாதிரியை அறிவித்தது. இன்றைக்கு அலுவலகங்களில் இருக்கும் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை அந்தப் பெட்டியின் வம்சம். அடிப்படை விலை 1,565 டொலர். திரையும் தகடு இயக்கியும் அதில் சேர்த்தியில்லை. அன்று டொலர் ஒன்று ஏறத்தாழ இருபது ரூபா. வெறும் பெட்டியே முப்பதாயிரம் ரூபா.

அந்தப் பெட்டியின் எழுத்துச் சில்லில் 256 வடிவங்கள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் வயிறும் எரியும். சிரிக்கிற முகம் இரண்டு. இசைக்குறி இரண்டு. கிரேக்க எழுத்துக்கள். கடதாசிக் கூட்டத்தின் நான்கு சின்னங்களும் உண்டு. முந்நூற்றி நாலு விளையாட வேண்டியது எல்லாம் இருந்தது, அகரம் ஒன்றுதான் இல்லை.

கொழும்பிலே ஒரு மனிதரிடம் அந்த நாட்களில் கணினி இருந்தது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்கிறேன். கிழக்குக் கரையை அவர் நன்றாக அறிவார். திருகோணமலையில் சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் பழைய கல் தூண்களைத் தேடியவர். அவருடைய ‘2010: ஒடிசி டூ’ நாவல் 1982இல் வந்தது. அதை அவர் எழுதியது ‘ஆர்க்கைவ்ஸ் III’ என்ற நுண்கணினியில், ‘வேர்ட்ஸ்டார்’ மென்பொருளில். முழு நாவலும் ஐந்து அங்குலப் பிளொப்பி ஒன்றில் அடங்கி கொழும்பில் இருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை புவி நிலையத்தின் ஊடாகச் செய்மதியில் ஏறிப் போயின. அடுத்து அந்த நாவலைப் படமாக்கிய பீட்டர் ஹயம்ஸ் அமெரிக்காவிலும் இவர் கொழும்பிலும் இருந்துகொண்டு, ஆளுக்கொரு ‘கேப்ரோ’ கணினியைத் தொலைபேசி வழியே இணைத்துப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து பின்னர் புத்தகமாகவும் வந்தது. கேப்ரோவைக் ‘காவிச் செல்லும் கணினி’ என்று விற்றார்கள். உலோகப் பெட்டி, ஒன்பது அங்குலத் திரை, எடை ஏறத்தாழ 12 கிலோ. காவினவருக்குத் தெரியும்.

நாவலில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஹால் என்ற பேசும் கணினியைப் படைத்த பேராசிரியரை ‘டொக்டர் சந்திரா’ என்று எல்லோரும் சுருக்கிக் கூப்பிடுவார்கள். ‘2010’ இல் கிளார்க் அவருக்கு முழுப் பெயர் வைத்தார்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. எங்கள் கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரர் வரிசையில் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்காத பெயர். உலகத்தின் மிகக் கெட்டிக்காரக் கணினியைக் கட்டியவருக்கு அந்தப் பெயர் கிடைத்த நாளில், அந்தப் பெயரை அதன் சொந்த எழுத்தில் காட்டக்கூடிய கணினியை இந்த மாவட்டத்தில் ஒரு கடையிலும் வாங்க முடியாமல் இருந்தது. கிளார்க்குக்கு அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். படத்தில் அது பழையபடி வெறும் ‘சந்திரா’ ஆகிவிட்டது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1983இல் தேசியக் கணினிக் கொள்கை, 1984இல் கணினிக்கான தேசிய சபை, அதே ஆண்டில் மொரட்டுவையில் கிளார்க்கின் பெயரில் தொழில்நுட்ப நிலையம். இவற்றை அடுக்குவதைவிடக் கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் குழுவைச் சொல்வது பிரயோசனம். 1982 ஒக்ரோபர் சனாதிபதித் தேர்தல் முடிவுகளைக் கணினி வழியாகத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். ரூபவாகினி பிறந்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தேர்தல் முடிவை ஆங்கிலத்தில் மட்டும் காட்டினால் யார் பார்ப்பது? சிங்களமும் தமிழும் திரைக்கு வேண்டும் என்ற நெருக்கடி அங்கே இருந்துதான் எழுந்தது. 1980களின் கடைசியில் அதே பல்கலைக்கழகம் மும்மொழியிலும் எழுதும் ‘வதன் தருவ’ என்ற மென்பொருளை வெளியிட்டது. வதன் என்றால் சொல், தருவ என்றால் நட்சத்திரம். வேர்ட்ஸ்டாருக்குச் சிங்களத்தில் பெயர்சூட்டு விழாவே செய்துவிட்டார்கள்.

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் நின்று பார்த்தால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் தெரியும். குவைத்தில் 1982இல் முகம்மது அல் ஷாரிக் தொடங்கிய நிறுவனம், ஜப்பானியரின் ‘எம்எஸ்எக்ஸ்’ வகைக் கணினியை எடுத்து அரபு எழுத்தை உள்ளே பதித்து ‘சக்ர்’ என்ற பெயரில் வளைகுடா வீடுகளுக்கு விற்றது. வலமிருந்து இடமாக எழுதி, சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறும் அரபு எழுத்தை ஒரு வீட்டுக் கணினிக்குள் வைக்க முடிந்ததென்றால், தமிழின் சுழியும் கொம்பும் பெரிய காரியமே இல்லை. பணம் போட ஓர் ஆள் இருந்தார், வாங்க ஒரு சந்தை இருந்தது. எங்களுக்கு அந்த இரண்டும் இல்லை.

ஆகவே தமிழுக்குக் கணினி செய்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் குந்தியிருந்த தனி ஆட்கள். கனடாவில் கலாநிதி கே. சீனிவாசன் 1984இல் ‘ஆதமி’ செய்தார், ஐபிஎம் வகைக் கணினியில் தமிழ் எழுத. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ செய்தார். அப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் விட்ட மக்கின்டோஷ் அவர்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய வழியைக் காட்டியிருந்தது. அதில் எழுத்து வடிவம் சில்லில் உறைந்து கிடக்கவில்லை. தகட்டில் இருக்கும் இன்னொரு கோப்பு, அவ்வளவுதான். கோப்பை மாற்றினால் எழுத்து மாறும். 2,495 டொலர் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டவர்கள், அதே வசதி விண்டோசில் வரும்வரை காத்திருந்தார்கள்.

விண்டோஸ் 3.0 வந்தது 1990 மே 22ஆம் திகதி. அதற்கு மூன்று கிழமைக்குள் ஜூன் 11இல் கிழக்கில் மறுபடி யுத்தம். ஓகஸ்ட் 15ஆம் திகதி, மட்டக்களப்பில் பெடியன்களுக்குத் தொழில்நுட்பம் கற்பித்து வந்த அமெரிக்க யேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளார் வாழைச்சேனையில் இருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் அடைந்திருந்தவர்களில் 158 பேர் சுற்றிவளைப்பில் கொண்டு போகப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை. 1990இன் கணினி வரலாற்றை எங்கள் மாவட்டத்துக்கு எழுதினால் இதைத்தான் எழுத வேண்டி வரும்.

பிறகு ரியூட்டரிகள் வந்தன. ‘கொம்பியூட்டர் கோர்ஸ், ஆறு மாதம், சான்றிதழ் உண்டு’. டொஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் 1-2-3, டிபேஸ் III பிளஸ். நான் படித்த இடத்தில் நாலு கணினிக்கு இருபத்திரண்டு பேர். செருப்பைக் கழற்றி வாசலில் வைக்க வேண்டும், தூசி பட்டால் பழுதாகுமாம். நகரத்திலேயே குளிரூட்டிய அறைக்குள் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. உப்புக் காற்றில் தகடு துருப்பிடிக்கும் என்ற பயத்தில் அங்கே கணினிக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைக்கவில்லை. மின்சாரம் நின்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் ‘ஐயோ’ என்போம், சேமிக்காத கணக்கு போய்விடும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வந்த பிள்ளைகள் விடிய முதல் துறைக்கு வர வேண்டும். குருமண்வெளி – மண்டூர், அம்பிளாந்துறை – குருக்கள்மடம், மண்முனைத் துறை. 2014இல் மண்முனைப் பாலம் வரும்வரை அந்த மாணவர்களின் நேரத்தைத் தீர்மானித்தது ஓடம்தான். யுத்தகாலத் தடையால் பற்றரியைக் கொண்டு போக முடியாத அந்தக் கரையில் மின்சாரம் இல்லை, கணினி இல்லை. கணினியில் செய்த பயிற்சியை ஓலைக் குடிலில் குப்பி விளக்கடியில் கொப்பியில் எழுதிப் படித்தார்கள். திறமையாகச் செய்தவர்களும் அவர்கள்தான். என்னோடு படித்த ஒருவன் தன் ஊர் வடமோடிக் கூத்து ஏட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தட்டெழுதிப் பிளொப்பியில் வைத்திருந்தான். சோதனைச் சாவடியில் அதைத் தூக்கிப் பார்த்து இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டபோது ‘கூத்து’ என்று சொல்லி விளக்கப் பட்ட பாட்டை அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிளொப்பி திரும்பிக் கிடைத்தது, வளைந்து. பிறகு அது திறக்கவே இல்லை.

அவன் தட்டெழுதியது பாமினியில். விண்டோசுக்கு வந்த தமிழ் எழுத்துருக்களில் இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் அதிகம் ஓடியது பாமினிதான். அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துவிடுவது. கணினிக்கு அது ஜே, கண்ணுக்கு த. கணினியை ஏமாற்றும் வித்தை என்று இன்றைய வல்லுநர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. சந்தை எங்களுக்கு ஒன்றும் செய்து தராத காலத்தில் மலிவான எந்தக் கணினியிலும் தமிழை ஓட வைத்தது அந்த வித்தை.

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. பாமினியின் நடு வரிசையில் விரலை வைத்துப் பாருங்கள்: ய, ள, ன, க, ப, அரவு, த, ம, ட, குற்று. இது பழைய தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் நடு வரிசை. அந்தப் பொறியை அமைத்தவர் 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. 247 எழுத்துக்கும் 247 விசை வைக்க முடியாது என்பதால் எழுத்தை அரவு, விசிறி, கொம்பு, குற்று என்று உறுப்பு உறுப்பாகக் கழற்றி இரும்பில் மாட்டினார். கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவர்கள் 1990களில் கணினிக்கு மாறியபோது ஒன்றையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. ஆல்டெயர், அப்பிள், ஸ்பெக்ட்ரம், கேப்ரோ எல்லாம் இன்று அருங்காட்சியகத்தில். முத்தையாவின் வரிசை மட்டும் அந்தக் கடைப் பெடியனின் விரலில் இருக்கிறது. அவனுக்கு அந்தப் பெயர் தெரியாது. நான் சொன்னபோது “அப்பிடியா?” என்றுவிட்டு அடுத்த கார்டை எடுத்தான்.

1991இல் வந்த யுனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 அதைக் கணினிக்குள் கொண்டு வந்தது. இன்று கைத்தொலைபேசியில் அம்மம்மாக்களும் தமிழில் எழுதுகிறார்கள். ஆனால் இடைப்பட்ட பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த மாவட்டம் கணினியில் எழுதியதெல்லாம் ஜே, கே, பி என்று பிளொப்பிகளில் கிடக்கிறது: கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், கூத்து ஏடுகள், காணாமற்போனவர்களின் பெயர்ப் பட்டியல்கள், வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்பிய கடிதங்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் கல்லடி, நாவலடி, டச்பார் வீடுகளோடு ஒரு பங்கு கடலுக்குப் போய்விட்டது. மிச்சம் அலுமாரிகளில் இருக்கிறது.

மூன்றரை அங்குலப் பிளொப்பியை வாசிக்கும் யூஎஸ்பி கருவி இன்றும் வாங்கலாம். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய கணினி வேண்டும். நகரத்துத் திருத்துகடைகளில் ஒரு மூலையில் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கோப்பு வெளியே வந்தால் போதும், பாமினியை யுனிகோடாக்குவது ஒரு நிமிட வேலை. பொதுவில் வைக்கக்கூடியவற்றை 2005 முதல் எங்கள் நூல்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். மற்றவை வீட்டில் இருக்கட்டும், ஆனால் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். பிளொப்பித் தகட்டில் பூஞ்சணம் பிடித்தால் பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாரி தொடங்க முதல் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.